பாத்திரங்களில் வெட்டிய பெயர்கள்

டில்லியில் தமிழர் குடியேறிய வரலாற்றை எழுதப் புகுவோருக்குச் சான்றுகள் கிடைப்பது அரிதன்று. 1911ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நடந்த தர்பாரில், நாட்டின் தலைநகரம் கல்கத்தாவினின்று டில்லிக்கு மாற்றப்படும் என்னும் அறிவிப்பு வெளியாயிற்று. அடுத்த ஆண்டிலேயே அலுவலகங்கள் இடம் பெயரத் தொடங்கின. கோப்புகளோடும் கணக்கேடுகளோடும் தென்னாட்டு எழுத்தர்களும் வந்து சேர்ந்தனர். 1923இல் நம்மவர் பிள்ளைகளுக்கெனப் பள்ளி தோன்றியது. 1931இல் புது டில்லி முறைப்படி திறந்துவைக்கப்பெற்றது. 1946இல் டில்லித் தமிழ்ச் சங்கம் நிறுவப்பெற்றது. இவற்றுக்கெல்லாம் ஏடுகள் உள்ளன, நிழற்படங்களும் உள்ளன. தலைப்பாகையும் நீண்ட கோட்டும் அணிந்து முன்வரிசையில் அமர்ந்திருப்போரின் பெயர்களைப் படத்தின் அடியில் வரிசையாக அச்சிட்டிருப்பதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம்.

அவர்களோடு புறப்பட்டு வந்த பெண்டிரின் பெயர்களை எங்கே தேடுவது? நாம் கூறும் விடை சிலருக்கு நகைப்பைத் தரலாம். பரணிலும் அடுக்களை அலமாரியிலும் தேட வேண்டும். வெண்கலப் பானையின் கழுத்தருகே, பித்தளை அடுக்கின் விளிம்பில், தாம்பாளத்தின் அடிப்புறத்தில், சிற்றுளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் சில இருக்கும். முதலில் ஊரின் தலையெழுத்து, அடுத்துத் தந்தையின் தலையெழுத்து, அதன்பின் ஒரு பெண்ணின் பெயர். சிலவற்றில் ஆண்டும் உண்டு. அப்பெண் கையெழுத்திட்ட ஆவணம் ஒன்றுகூட இன்று இல்லாமற் போயிருக்கலாம். அவள் பெயர் பொறித்த பானை இருக்கிறது.

பெயர் வெட்டும் வழக்கத்துக்கு உயர்ந்த நோக்கம் எதுவும் காரணமில்லை. திருமணத்துக்கும் திவசத்துக்கும் அண்டை அயலார் பாத்திரங்களை இரவல் வாங்குவர். விருந்து முடிந்தபின் கிணற்றடியில் குவிந்து கிடப்பனவற்றுள் யாருடையது எது என்று பிரித்தறிய வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் பாகம் பிரியுங்கால், எந்த மருமகள் எதைக் கொண்டுவந்தாள் என்ற வழக்கு எழாதிருக்க வேண்டும். அடகுக் கடைக்குச் சென்று திரும்பும் குடம் அதே குடந்தானா என்பதும் தெரிய வேண்டும். இத்தனைக்கும் பயன்பட்டவை அந்த நாலைந்து எழுத்துகளே.

அடகுக் கடை என்று சொல்லிவிட்டோம். அதனைச் சற்று விரித்தே கூற வேண்டும். ஓர் எழுத்தரின் மாதச் சம்பளம் அவருடையது. ஊரில் நிலமிருந்தால் அது அவருடைய தந்தைக்கும் தமையன்மார்க்கும் உரியது. தாய்வீட்டுச் சீராக வந்த நகையும் பாத்திரமும் மட்டுமே சீதனம் என்ற பெயரால் மனைவிக்கு உரியவையாயிருந்தன. 1937ஆம் ஆண்டுச் சட்டம் கைம்பெண்ணுக்குக் கணவன் சொத்தில் ஓர் உரிமை வழங்கியது. ஆயினும் அது அவள் வாழ்நாள் அளவினதாகிய குறைந்த உரிமையே. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுதான் பெண் பெற்ற சொத்தை முழு உரிமையுடையதாக்கியது. மூதாதையர் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டு என்பது தமிழ்நாட்டில் 1989இலும், நாடு முழுவதற்கும் 2005இலும் சட்டமாயிற்று. ஆகவே 1920ஆம் ஆண்டுகளில் டில்லிக்கு வந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் சொத்து முழுவதும் அவள் அடுக்களையிலும் அவள் உடம்பிலும் இருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது. பள்ளிச் சம்பளம் கட்ட வேண்டிய மாதத்தில் அண்டா ஒன்று வீட்டை விட்டு வெளியே போகும். அது திரும்பியும் வரும். சில வேளைகளில் வராது. டில்லித் தமிழர் கல்வியிற் சிறந்தனர் என்று விழாக்களில் பேசுகிறோமே, அக்கல்விக்கு ஈடாகச் சென்ற வெண்கலத்தை எடைபோட்டுப் பார்த்தவர் எவருமில்லர்.

பாத்திரத்தை மதித்துப் போற்றுவது நம்மவர்க்குப் புதிதன்று. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜெர்மானிய அறிஞர் யாகரும், 1899 முதல் தொல்பொருள் துறையைச் சேர்ந்த அலெக்ஸாண்டர் ரீயும் தோண்டிக் கண்டவற்றுள் வெண்கலப் பாத்திரங்கள் பல. மூடிகளின் மீது பறவைகளும் விலங்குகளும் நிற்கின்றன. வடிகட்டும் கிண்ணங்களும் கிடைத்தன. இறந்தோரோடு அவற்றைப் புதைத்தனர். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளில் முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அளித்த பொற்கலங்களும் வெள்ளிக் கலங்களும் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன. ஆடவல்லான் என்னும் பெயருடைய எடைக்கல்லால் நிறுத்து, இத்தனை கழஞ்சு என்று கல்லில் வெட்டினர். அங்கே கலத்தின் விவரத்தைக் கல்லில் வெட்டினர். நம் பாட்டிமார் கலத்திலேயே வெட்டிக்கொண்டனர். வேறுபாடு அவ்வளவே.

இனிப் பயணத்துக்கு வருவோம். சென்னைக்கும் பம்பாய்க்கும் இருப்புப் பாதைத் தொடர்பு 1871இல் இராய்ச்சூரில் ஏற்பட்டது. ஆனால் டில்லிக்கு நேர்வழி வெகுகாலம் இல்லை. பலார்ஷாவுக்கும் காசிப்பேட்டைக்கும் இடைப்பட்ட பாதை முடிந்தபின், 1929இல்தான் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸ் ஓடத் தொடங்கியது. முதலில் அது பெஷாவருக்கும் மங்களூருக்கும் இடையே ஓடிற்று. பின்னர்ச் சென்னைக்கும் டில்லிக்குமாகச் சுருங்கியது. அதற்கு முன் வந்தவர்கள் பல இடங்களில் வண்டி மாறி, ஒவ்வொரு நிலையத்திலும் மூட்டைகளை எண்ணி இறக்கி ஏற்றி வந்தனர். இந்த ஏற்றி இறக்கும் வேலைதான் நம் அடுக்களைகளுக்கு உருவம் கொடுத்தது எனலாம். எது ஒன்றினுள் ஒன்று அடங்குமோ அது வந்தது. அடுக்கு என்னும் பாத்திர வரிசை, பெரியதினுள் சிறியதாக ஏழெட்டும் அடங்கி, நடுவில் பருப்பையும் வற்றலையும் நிரப்பிக்கொண்டு வந்தது. ஐந்து அறைகளையுடைய மர அஞ்சறைப்பெட்டி துணியில் சுற்றி வந்தது. ஈயச் சொம்பு மடியிலேயே வந்தது. சற்று அழுத்தினாலும் நசுங்கிவிடும் அதனை மூட்டையில் வைக்க எவரும் துணியவில்லை. குடிநீர் கூஜாவில் வந்தது. திருகு மூடியும் கைப்பிடியும் உடைய இந்தப் பாத்திரத்தை நாம் முற்றிலும் தமிழ்நாட்டுப் பொருளாகவே கருதுகிறோம். பெயரோ பாரசீகச் சொல்லாகிய கூஸாவினின்று வந்தது. வடக்கிலிருந்து தெற்கே வந்த சொல் ஒன்று, கும்பகோணத்துப் பித்தளையில் குடிபுகுந்து, மீண்டும் வடக்கே வந்து சேர்ந்தது.

கல்லால் ஆனவற்றுள் சிறியதான கல்சட்டி மட்டும் சில குடும்பங்களோடு வந்தது. சேலம் வட்டாரத்து மாக்கல்லில் குடைந்தெடுத்த அச்சட்டியை வாங்கியவுடன் அடுப்பில் ஏற்ற முடியாது. வடித்த கஞ்சியைப் பல நாள் ஊற்றிவைத்து, எண்ணெயும் மஞ்சளும் தடவி, சிறுகச் சிறுகச் சூட்டுக்குப் பழக்க வேண்டும். பழகிய பின்னர், அடுப்பினின்று இறக்கி வெகுநேரமாகியும் குழம்பு அதில் கொதித்துக்கொண்டிருக்கும். இவ்வாறு பழக்கிய சட்டியை விட்டுப்பிரிய எந்த மாமியாருக்கு மனம் வரும்? மகன் டில்லிக்குப் போகிறான் என்றால், மருமகளோடு கல்சட்டியும் போகிறதா என்பதும் ஒரு கேள்வியாகவே இருந்தது.

அம்மியும் ஆட்டுக்கல்லும் உரலும் ஊரிலேயே நின்றன. அம்மிக்கு இங்கே குறைவில்லை. டில்லியில் சில்-பட்டா என்றும், வங்காளத்தில் சில்-நோடா என்றும், மராட்டியத்தில் பாட்டா-வரவண்டா என்றும் பெயர் வேறுபடினும் பொருள் ஒன்றே. அம்மி கொத்துவோர் நம் ஊர்த் தெருக்களில் கூவி வந்ததைப் போலவே இங்கும் வந்தனர். அரிவாள்மணையும் அவ்வாறே, வங்காளிப் பெண்டிரின் போண்ட்டியும் மராட்டியரின் விளியும் அதன் உடன்பிறப்புகள். கல்கத்தாவிலும் பம்பாயிலும் குடியேறிய நம் சகோதரிகள், மொழி புரியாத அண்டை வீட்டாரோடு முதன்முதல் பேசியது காய் நறுக்கும் இடத்திலாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது. ஆட்டுக்கல்லுக்கு மட்டும் டில்லியில் இணை கிடைக்கவில்லை. இட்டிலிக்கு அரைக்க நடுவே குழியும் அதிலே சுழலும் குழவியும் வேண்டுமே! தெற்கிருந்து எவரேனும் சரக்கு வண்டியில் ஒன்றை வரவழைத்தால், அக்குடியிருப்பின் பல வீடுகளுக்கு அது பொதுவாயிற்று. முறை வைத்து அரைத்தனர். அந்த முறைக் காத்திருப்பிலே பேசிமுடித்த திருமணங்களும் உண்டு.

சிம்லாவைப் பற்றியும் ஒரு சொல். 1864 முதல் வேனிற்காலத் தலைநகரம் சிம்லா. ஆண்டுதோறும் அலுவலகத்தின் ஒரு பகுதி மலையேறி, குளிர்காலத்துக்கு இறங்கி வந்தது. 1903இல் கால்கா–சிம்லா இருப்புப் பாதை திறந்தபின் குடும்பங்களும் அதிலேயே ஏறின. இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு இவ்வழக்கம் நின்றுபோயிற்று. இப்படி ஆண்டுக்கு இருமுறை அடுக்களையைக் கட்டி அவிழ்த்த குடும்பங்களில் தேவையற்ற பாத்திரம் ஒன்றும் தங்கியதில்லை. மலையில் மற்றொரு தொல்லை காத்திருந்தது. ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் நீர் 93 பாகை அளவிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், பருப்போ வேகாது. இதன் காரணம் பள்ளிப் பாடத்தில் உள்ளதுதான்; ஆனால் தஞ்சை மாவட்டத்தினின்று வந்த இளம்பெண்ணுக்கு அதனை எவர் சொல்லியிருப்பார்? பருப்பை முதல்நாள் இரவே ஊறவைப்பதும், கனத்த வெண்கலப் பானையை மூடி அதன்மேல் அம்மிக் குழவியை ஏற்றிவைப்பதும் அவர்கள் தாமாகக் கண்ட வழிகள். இன்றைய அழுத்தக் குக்கர் 120 பாகை அளவில் செய்வதனை அவர்கள் குழவிக்கல்லின் எடையால் ஓரளவு செய்ய முயன்றார்கள்.

குக்கர் என்றதும் கல்கத்தாவின் இக்மிக் குக்கர் நினைவுக்கு வருகிறது. 1910இல் இந்துமாதவ மல்லிக் என்னும் வங்காள அறிஞர் அமைத்த அக்கருவியில் கீழே கரி நெருப்பு, மேலே நீராவி, அடுக்கடுக்காகச் சோறும் பருப்பும் காயும். குடும்பத்தை அழைத்துவராத பிரமசாரிகளுக்கு அது அருமருந்தாயிருந்தது. ஆயினும் அதில் சமைத்த ரசத்தை நம்மவர் எவரும் புகழ்ந்து நாம் கேட்டதில்லை.

ரசத்துக்கு உரியது ஈயச் சொம்பு. பொறுமையோடு இதனைப் பற்றிச் சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் நம் பரண்களில் இருப்பனவற்றுள் இதுவே அதிகம் தவறாக உணரப்பட்ட பொருள். இது வெள்ளீயத்தால் ஆனது. வெள்ளீயம் 232 பாகை வெப்பத்தில் உருகிவிடும். விறகு அடுப்பின் சுவாலையோ அதனினும் பன்மடங்கு வெப்பமுடையது. ஆயினும் உள்ளே நீர் இருக்கும்வரை சொம்பின் சூடு கொதிநிலையை மிகுதியாகத் தாண்டாது. எனவே அது உருகுவதில்லை. வெறுஞ்சொம்பை அடுப்பில் வைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் அடி ஒழுகிவிடும். புது மருமகளின் கவனத்துக்கு இதனைவிடக் கடுமையான தேர்வு ஒன்றில்லை. புளிநீரும் தக்காளியும் கொதிக்கும்போது பித்தளையில் களிம்பேறும், வெள்ளீயத்தில் ஏறாது. இதற்கெனவே அது தோன்றியது. அவ்வீயத்தில் பெரும்பகுதி நம் நாட்டுப் பொருளன்று. மலேயாவின் பேராக் வட்டாரச் சுரங்கங்கள் உலகுக்கே ஈயம் வழங்கிய காலம் அது. கடல் கடந்து வந்த உலோகம், தமிழ்நாட்டுக் கன்னார் கையில் சொம்பாகி, டில்லிக்கு வந்து சேர்ந்தது.

காரீயம் வேறு, அது நஞ்சு. 327 பாகையில் உருகும் அதனை வெள்ளீயத்தோடு கலந்து வார்த்து விற்றவர்களும் உண்டு. இன்று கடையில் ஈயச் சொம்பு வாங்குவோர் இதனை அறிந்திருத்தல் வேண்டும். தூய வெள்ளீயத் தகட்டை வளைத்தால் நொறுநொறுவென்று ஓர் ஒலி எழும். காரீயத்தில் அவ்வொலி இல்லை. காரீயத்தைக் காகிதத்தில் தேய்த்தால் கரிக்கோலைப் போல் கோடு விழும். பாட்டியின் சொம்பு என்பதனாலேயே அது தூயது என்று கொள்ள வேண்டா. ஐயமிருப்பின் சோதனைச் சாலையில் காட்டிய பின்னரே அடுப்பில் ஏற்றுக. இல்லையேல் அலமாரியில் வைத்துப் போற்றுக.

பித்தளைப் பாத்திரங்களுக்கு உட்புறம் ஈயம் பூசும் தொழிலாளியை டில்லியில் கலாய்வாலா என்பர். நம் ஊரிலும் கலாய் பூசுதல் என்றே சொல்வதுண்டு. தெருமுனையில் சிறு குழி தோண்டித் துருத்தி வைத்து, பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவுவார். வெண்புகை எழும். ஈயக்குச்சியை ஓர் இழுப்பு இழுத்துப் பஞ்சால் துடைத்தவுடன் உட்புறம் நிலவுபோல் வெளுக்கும். பிள்ளைகள் சுற்றி நின்று பார்ப்பார்கள். சில திங்களுக்கு ஒருமுறை இது நடக்க வேண்டும். மொழி தெரியாத தமிழ்ப் பெண்டிர் பலர், கூலி பேசுவதற்காகவே இந்தி எண்களைக் கற்றனர். கலாய்வாலாவின் குரல் இன்று பெரும்பாலான தெருக்களில் கேட்பதில்லை. அவர் மறைந்ததும் பித்தளை பயனிழந்ததும் ஒன்றையொன்று தொடர்ந்த நிகழ்ச்சிகள்.

அளவைகளின் கதை சுவையானது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி, அதாவது படி. இவ்வாறு முகந்து அளந்தே பழகிய கைகள் டில்லிக் கடைத்தெருவில் திகைத்தன. இங்கே அரிசியும் எடைதான். சேரும் மணங்கும் பேசினர். சேரைப் படியாக்கியும் படியைச் சேராக்கியும் மனக்கணக்கிட்டே எழுத்தர் மனைவியர் கணவன்மாரினும் நல்ல கணக்கர்களாயினர். பின்னர் 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் வந்தது, மூன்றாவது கணக்கு! படி அளவை கடையை விட்டுப் போயிற்று, வீட்டில் நின்றது. தலைக்கு இத்தனை ஆழாக்கு என்று இன்றும் அளக்கும் இல்லங்கள் உள. எம் இல்லத்துப் பித்தளை ஆழாக்கின் விளிம்பு, தானியத்தைத் தட்டி வழித்த விரலின் தேய்மானத்தால் ஒருபுறம் மழுங்கியிருக்கிறது. அளந்தவர்கள் மூவரும் வலக்கையர் என்பது அதனைப் பார்த்தவுடன் விளங்கும்.

1951இல் மீனாட்சி அம்மாள் என்பார் 'சமைத்துப் பார்' என்னும் நூலை வெளியிட்டார். அதற்குமுன் சமையல், தாயிடமிருந்தும் மாமியாரிடமிருந்தும் கண்டு கற்பது. தாயும் மாமியாரும் ஆயிரம் மைலுக்கப்பால் இருக்கும் பெண்ணுக்கு அந்நூல் எவ்வளவு பெரிய துணை என்பதை வெளிமாநிலத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை. எண்ணெய்க் கறை படிந்து, அட்டை பிரிந்து, ஓரங்களில் உப்பு மிகுதி என்றும் இங்குள்ள புளிக்கு இது போதாது என்றும் குறிப்பெழுதிய பிரதிகள் நம் வீடுகளில் இருக்கின்றன. நூலினும் அக்குறிப்புகளே அரியவை. பாத்திரத்தில் பெயரை மட்டும் விட்டுச்சென்ற பெண்டிர், இங்கே கருத்தையும் விட்டுச் சென்றிருக்கின்றனர்.

காபியைப் பற்றி விரிவாக எழுதப் பலர் உளர்; நாம் விரைந்து கடந்துவிடுவோம். பித்தளை வடிகட்டியும், டபரா டம்ளரும், மேசை விளிம்பில் திருகிப் பொருத்தும் கைச்சுற்று அரைவையும் நம் அடுக்களையின் பழம்பொருள்களாகத் தோன்றுகின்றன. ஆதிச்சநல்லூர்ப் பானையோடு ஒப்பிட்டால் அவை நேற்று வந்தவை. தமிழ்நாட்டு வீடுகளில் காபி பரவலாக நுழைந்தது 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் அதன் பின்னருந்தான். எனினும் டில்லியின் சனவரி மாதக் காலையில் இவ்வரலாற்று உண்மை எவர்க்கும் உறைப்பதில்லை.

இனி, இழந்த கதை. அலுமினியம் நம்மவர்க்கு முன்னமே அறிமுகமானது; சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்ட்டன் 1898இலேயே அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்தார். ஆயினும் அது மலிவுப் பொருள் என்ற பெயரையே பெற்றது. சீர்வரிசையில் அதற்கு இடமில்லை. வெண்கலத்தை வென்றது துருவேறா உருக்கு. 1913இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி கண்டறிந்த அவ்வுலோகம், இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுப்பகுதியில் எவர்சில்வர் என்னும் அழகிய பெயரோடு தமிழர் இல்லம் புகுந்தது. கலாய் வேண்டா, புளி வேண்டா, தேய்க்கத் தேய்க்க மின்னும். 1980ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் சேலத்திலேயே உருக்காலை இயங்கத் தொடங்கியது. கல்சட்டி கொடுத்த சேலம் அதற்கு மாற்றான உருக்கையும் கொடுத்தது!

எவர்சில்வர் வியாபாரி வாசலுக்கே வந்தார். பழைய பட்டுச் சேலையின் சரிகைக்கு ஒரு தூக்கு. கனத்த வெண்கலப் பானைக்கு இரண்டு டப்பாவும் ஆறு டம்ளரும். நம் தாய்மார் மகிழ்ச்சியோடு கொடுத்தனர். அதனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. எட்டு சேர் எடையுள்ள பானையைச் சாம்பலாலும் புளியாலும் நாள்தோறும் துலக்கியவர்கள் அவர்கள், நாமல்லோம். டில்லிக் குளிரில், பனிக்கட்டி போன்ற குழாய் நீரில், முழங்கை வரை கருத்து வெடித்த கைகளை எண்ணிப் பார்த்தால், எவர்சில்வரை வரவேற்ற அவர்கள் அறிவுடையவர்கள் என்றே சொல்வோம். அலுவலகத்துக்குச் செல்லும் பெண்ணுக்கு வெண்கலப் பானை ஏற்றதன்று. ஆனால் வியாபாரி தராசில் எடையைப் பார்த்தார். விளிம்பில் வெட்டிய பெயரைப் பார்க்கவில்லை. பெயரோடு பானை உலைக்குச் சென்றது. ஏட்டுச் சுவடிகள் ஆற்றிலும் அடுப்பிலும் போய் எஞ்சியவற்றைத் தேடி உ. வே. சாமிநாத ஐயர் ஊரூராக அலைந்த வரலாற்றை நாம் அறிவோம். உலோகத்தில் எழுதியதனை உருக்குவது ஓலையை எரிப்பதனினும் எளிதாயிற்று.

இப்போது மீண்டும் ஒருமுறை பரண்கள் காலியாகின்றன. குடியிருப்புகள் சிறுத்தன, பிள்ளைகள் வேறு நாடுகளில் வாழ்கின்றனர், முதியவர் மறைந்தவுடன் வீட்டைக் காலி செய்ய ஒரு வாரமே கிடைக்கிறது. பிறர் இத்தகைய பொருளை எவ்வாறு போற்றினர் என்பதற்கு நாட்டில் எடுத்துக்காட்டுகள் உண்டு. புணேயில் தினகர் கேல்கர் 1920ஆம் ஆண்டளவில் தொடங்கிச் சேர்த்த அன்றாடப் புழங்குபொருள்கள், மறைந்த அவர் சிறு மகன் இராஜாவின் பெயரால் அருங்காட்சியகமாயின. அகமதாபாத்தில் சுரேந்திர பட்டேல் 1981இல் பாத்திரங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் அமைத்தார். உலைக்குச் செல்லவிருந்த குடங்களும் குவளைகளும் ஆயிரக்கணக்கில் அங்கே உள்ளன. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்திராவில் பழைய வீடுகளையே பெயர்த்து அமைத்திருக்கின்றனர். நம் சங்கத்துக்கு அத்தகைய பொருளும் இடமும் இல்லை. நாம் அதனைக் கேட்கவுமில்லை. பானைகள் அவரவர் இல்லத்திலேயே இருக்கட்டும். அவற்றில் உள்ள எழுத்துகளைப் படியெடுத்து ஒரு பதிவேட்டில் சேர்த்தல் நம்மால் இயலும்.

படிப்பதற்குச் சில குறிப்புகள் கூறலாம். ஆண்டு எண் இல்லாமல் தமிழாண்டின் பெயர் மட்டும் இருந்தால் விழிப்பாயிருத்தல் வேண்டும். அறுபது ஆண்டுக்கொருமுறை அப்பெயர் திரும்பி வரும். எம் இல்லத்து அடுக்கு ஒன்றில் பிரபவ என்று உள்ளது. அது 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம். உறவினருள் ஒரு சாரார் அதனை மிகப் பழையது என்று பெருமை பேசி வந்தனர். பெயருக்கு முன்னுள்ள தந்தையின் தலையெழுத்து எம் பாட்டியாரின் தந்தையாருடையது. அவர் மணமானது 1927இல். எனவே வழக்கு தீர்ந்தது. அறுபது ஆண்டுப் பெருமையும் போயிற்று. எழுத்து வடிவமும் உதவும். ணை, லை, னை ஆகியவற்றின் பழைய கொம்பு வடிவம் இருப்பின், பெரும்பாலும் அது 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்டது. புள்ளிக் குத்தாக இன்றிச் சங்கிலிபோல் ஓடும் எழுத்தாயின், அது மின்கருவியால் எவர்சில்வரில் வெட்டியது.

எழுத்தைத் தெளிவாக்குவதாக எண்ணித் தேய்த்துத் துலக்குதல் கூடாது. ஒவ்வொரு துலக்கலிலும் புள்ளிகள் சிறிது மழுங்கும். மெல்லிய காகிதத்தை அதன்மேல் ஒட்டவைத்து, மென்மையான பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்த்தால் எழுத்துகள் வெண்மையாக எழும். அக்காகிதத்தில் பாத்திரத்தின் வகை, உயரம், எடை, எந்த ஊரிலிருந்து வந்தது, எவர் வழியாக வந்தது என்பவற்றை எழுதுக. வீட்டில் முதியவர் எவரேனும் இருப்பின், தலையெழுத்துகளின் விரிவை இவ்வாரமே கேட்டு எழுதுக.

உரிமையாளர் இன்னாரென்று தெரியாத பெயர்களையும் விட்டுவிட வேண்டா. எம் அடுக்களையில் வெண்கல உருளி ஒன்று இருக்கிறது. அதிலுள்ள பெயர் எம் குடும்பத்தில் எவருக்கும் உரியதன்று. ஊரின் தலையெழுத்தும் எம் ஊருடையதன்று. ஏதோ ஒரு திருமணத்தில் கைம்மாறி வந்திருக்கலாம். சிம்லாவுக்கோ மாற்றலாகி வேறு நகருக்கோ சென்ற குடும்பம் ஒன்று கொடுத்து வைத்து, திரும்பி வந்து கேளாமலே போயிருக்கலாம். ஒவ்வொரு பொங்கலுக்கும் அதில்தான் சர்க்கரைப் பொங்கல் வைக்கிறோம். 'ம' என்று தொடங்கும் அவ்வூர் மன்னார்குடியா, மாயவரமா, மதுரையா என்று ஆண்டுதோறும் ஒருமுறை பேச்சு எழும். உருளியின் படியெடுத்த காகிதத்தை விழா மண்டபத்தில் வைக்க விரும்புகிறோம். அடையாளம் கண்டு கேட்கும் குடும்பம் எதுவாயினும், உருளி அவர்களுடையது.